வெள்ளிக்கிழமைக்குள் ஒரு துப்பாக்கி

போன் அலறியது.

பதினேழாம் நம்பர் பள்ளிக்கூட பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் மண்டியிட்டு, எந்தப் புண்ணியவானோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த டார்லா கே விட்மயர், திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள்.

மடார்!

சீட்டுக் கம்பியில் இடித்த மண்டையைத் தடவிக்கொண்டே ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து போனை உருவினாள். திரையில் நம்பர் இல்லை.

"ஹலோ... யாரு?"

"டார்லா கே..."

குரலா அது? ஜலதோஷம் பிடித்த வாத்து தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது!

"யாருங்க பேசறது?"

"உன் சாவு பேசுது! வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீ காலி! சனிக்கிழமை காலையில ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் உன் வீட்டு வாசல்ல துக்கச் சாப்பாட்டுக் காசரோல் பாத்திரத்தைத் தூக்கிட்டு அழுதுகிட்டு நிப்பாங்க!"

டார்லா சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான்... நான் என்னங்க தப்பு பண்ணினேன்?"

அந்தக் கேள்வியை வாத்து எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"அது... அது உனக்கே தெரியும்!"

டார்லா அவசரமாக யோசித்தாள். போன வருஷம் சர்ச் விருந்தில் பீச் பழ 'பை' பலகாரத்தின் கடைசித் துண்டை ஒளித்து வைத்துச் சாப்பிட்டதைத் தவிர வேறு பாவம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"போலீசுக்குப் போனே, வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டேன். யார்கிட்டயாவது வாயைத் தொறந்தே... அன்னிக்கே முடிஞ்சுது! தனியா இருக்கிற பொம்பளை... யார் வந்து காப்பாத்தப் போறா?"

டக்!

லைன் செத்தது.

டார்லாவுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருஷமாக பெக்கர் ஸ்பிரிங்ஸ் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். நாற்பத்தோரு வாண்டுகளை ஒரே முறைப்பில் உட்கார வைக்கிறவள். அப்பேர்ப்பட்டவள் இப்போது பஸ் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.

வீட்டில் இருப்பது அவளும் பிஸ்கட்டும்தான். பிஸ்கட் ஒரு நாய். போன வருஷம் திருட வந்தவனுக்கு வாலாட்டி, வழிகாட்டி, அவன் லாரி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்த நாய். விவாகரத்தில் கணவன் கெண்ட் ஐந்து துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு நாயை இவளிடம் விட்டுவிட்டான். ஓக்லஹோமாவின் இந்த மூலையில் துப்பாக்கி இல்லாத வீடு எது என்று கேட்டால், தபால்காரர்கூட யோசிக்காமல் டார்லா வீட்டைத்தான் காட்டுவார்.

இன்று புதன். மணி ஒன்பதரை. அடுத்த டிரிப் இரண்டே முக்காலுக்கு.

டார்லா சூயிங்கத்தை அப்படியே விட்டாள். வீட்டுக்கு ஓடி, சமையலறை ஜாடியில் சேர்த்திருந்த முந்நூறு டாலரை எடுத்துக்கொண்டாள். மின்சாரக் கட்டண ரசீதின் பின்பக்கத்தில், 'நான் செத்தால் பிஸ்கட்டை என் தங்கச்சிக்குக் கொடுக்கவும். அவனுக்கு இடி என்றால் பயம்' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். எழுதும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில்...

'டக்கிள் துப்பாக்கி மற்றும் தூண்டில் புழுக் கடை'யின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அடடே, டார்லா கே! வாம்மா, வா வா!"

கவுண்ட்டருக்குப் பின்னால் ராய்ஸ் டக்கிள். சிவந்த முகம். வெள்ளைத் தாடி. அதைவிட வெள்ளையான சிரிப்பு.

அவனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஓசிக் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தது...

லானி பீஸ்லி! ஷெரீஃப் ஆபீஸின் டெபுடி! யூனிஃபார்மில்!

டார்லா இரண்டடி தள்ளி நின்றாள். போலீஸ்! பக்கத்தில் நின்றாலே அந்த வாத்துக்குத் தெரிந்துவிடுமோ?

"என்ன டார்லா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றான் லானி.

"ஒண்ணுமில்ல லானி. சும்மா... வீட்டுல ஒரு துப்பாக்கி இருந்தா நல்லதுன்னு..."

"வீட்டுலயா? உடம்பு மேலயா?" என்றான் ராய்ஸ்.

"மேலதான். வெளிய தெரியாம."

"பட்ஜெட்?"

"முந்நூறு. உறை, குண்டு எல்லாம் அதுக்குள்ள."

ராய்ஸ் கண்ணை மூடி முந்நூறை ஒரு தடவை ஜீரணித்தான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்து, மேகஸினை உருவி, உள்ளே காலி என்று இரண்டு பேருக்கும் காட்டிவிட்டு நீட்டினான்.

ரோஸ் கலர் துப்பாக்கி!

"லேடீஸுக்குன்னே செஞ்சது. குட்டியூண்டு. பையில போட்டா லிப்ஸ்டிக் மாதிரி கிடக்கும்."

"ரோஸா இருந்தா சுடறப்போ வலிக்காதா ராய்ஸ்?"

"இல்லம்மா... பொம்பளைங்க ஆசைப்படுவாங்கன்னு..."

"நான் நாப்பதடி பஸ் ஓட்டறவ. அதுவும் மஞ்சள் கலரு. வேற காட்டு."

லானி காபிக்குள் சிரித்தான். "சுட்டுத்தான் பாரேன் டார்லா. சும்மா பேசினா எப்படி?"

கடைக்குப் பின்னால் மண் மேட்டுக்கு முன் காகித மனிதன் ஒருவன் நின்றான். டார்லா காது மூடியை மாட்டிக்கொண்டாள். ரோஸைத் தூக்கினாள்.

டுமீல்!

"ஆ...!" என்று உதறினாள். "என்னய்யா இது! கழுதை மாதிரி உதைக்குது!"

"சின்னதா, லேசா இருந்தா அப்படித்தான் உதைக்கும்" என்றான் லானி. "பாக்கெட்ல வைக்க சுகம். சுட சுகமில்ல. பலபேர் சின்னதை வாங்கி ஒரு தடவை சுட்டுட்டு அலமாரியில போட்டுடுவாங்க."

"வாங்கறவங்களை பயமுறுத்தாத லானி!" என்று பல்லைக் கடித்தான் ராய்ஸ்.

அடுத்து ஒரு குட்டை ரிவால்வர். விலையைக் கேட்டே டார்லா மயங்கி விழாத குறை. நானூற்றுப் பத்து! ட்ரிகர் வேறு அசைய மறுத்தது. பல்லைக் கடித்து, கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து அவள் ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் காகித மனிதன் இருந்த இடத்தில் ஒரு நத்தை இருந்திருந்தாலும் தப்பித்திருக்கும்.

மூன்றாவதாக ராய்ஸ் எடுத்தது கறுப்பாய், ஓரமெல்லாம் தேய்ந்து போன ஒன்று. ஒன்பது எம்எம்.

"போலீஸ்காரங்க மாத்திக் கொடுத்த பழசு. தேய்ஞ்சது எல்லாம் வெளியதான். இருநூத்தி நாப்பத்தொம்பது."

"பழசா?"

"இடுப்புல நிறையச் சுமந்தது. அதிகம் சுடாதது" என்றான் லானி. "எங்க வேலையில நாங்க சுடறதைவிட டோநட் சாப்பிடறதுதான் ஜாஸ்தி."

டார்லா துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். வந்தது. கையில் பிடித்துப் பார்த்தாள். சுண்டு விரல் தொங்காமல் உட்கார்ந்தது. சுட்டாள்.

டுமீல்... டுமீல்... டுமீல்!

காகித மனிதனின் நெஞ்சில் மூன்று ஓட்டை. ஒரு சாஸரால் மூடிவிடலாம்!

டார்லாவுக்கு முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. வெள்ளிக்கிழமை வரட்டும். வாத்து வரட்டும். பார்த்துவிடலாம்!

"இதையே கொடு ராய்ஸ். கைப்பைக்குள்ள வெச்சுக்கறேன்."

"கைப்பை வேணவே வேணாம்" என்றான் லானி. "சூப்பர்மார்க்கெட் வண்டியில பையை மறந்து வெச்சுட்டு வர்ற ஆளு நீ. போன மாசம் நான்தானே கொண்டாந்து கொடுத்தேன்? உடம்போட இருக்கணும்."

ராய்ஸ் முப்பது டாலர் உறை ஒன்றை நீட்டினான். டார்லா அதை ஜீன்ஸின் உள்பக்கம், தொப்புளுக்குக் கீழே செருகிக்கொண்டு பஸ் சீட்டில் உட்காருவதுபோல் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஐயோ, குத்துது!"

"வலது இடுப்புக்குப் பின்னால தள்ளு" என்றான் ராய்ஸ். "ஆங்... அங்கதான். சட்டையை ஒரு சைஸ் பெருசா போடு. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. ஆனா பள்ளிக்கூட பஸ்ல கொண்டு போகக் கூடாதும்மா, ஞாபகம் வெச்சுக்கோ. டிரிப் முடியற வரைக்கும் உன் கார்லயே பூட்டி வெச்சுடணும்."

"அப்ப... பஸ்ல இருக்கறப்போ எவனாவது வந்தா?"

"நாப்பத்தோரு பிள்ளைங்க உள்ள கத்தறப்போ எவன் ஏறுவான்? நானே ஏற மாட்டேன்!"

அப்போதுதான் கடைக் கதவு திறந்தது.

உள்ளே வந்தவள் சார்லீன் ஓகல். தபால் ஆபீஸ் கவுண்ட்டர்காரி. சர்ச் பாட்டுக் குழுவில் டார்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். டார்லாவைப் பார்த்ததும் சார்லீனின் முகம் திருடி மாட்டிக்கொண்டவள் முகமாக மாறியது.

"ஏண்டி, நீ இங்க என்ன பண்றே?" என்றாள் சார்லீன்.

"நான்... புழு வாங்க வந்தேன். நீ?"

"நானும் புழுதான்!"

"உனக்கு மீன் வாசனையே ஆகாதேடி?"

"மீன்தான் ஆகாது. புழு... புழு பரவாயில்ல!"

இரண்டு பேரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெக்கர் ஸ்பிரிங்ஸில் கேட்க மாட்டார்கள். அங்கே ஒருத்தியிடம் போய் 'நீ துப்பாக்கி வெச்சிருக்கியா?' என்று கேட்பதும், 'உள்ளாடை என்ன கலர்?' என்று கேட்பதும் ஒன்றுதான். மறைத்து வைத்திருப்பவள் சொல்ல மாட்டாள். நாகரிகம் தெரிந்தவள் கேட்க மாட்டாள்.

சார்லீன் புழு டப்பாக்களை முறைத்துப் பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். டார்லா கவுண்ட்டரில் குனிந்து அரசாங்கப் பாரத்தை நிரப்பினாள். பணத்தைக் கட்டினாள். ராய்ஸ் அவளுடைய லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குகிறவர்மேல் குற்றம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் விசாரணை ஆபீஸுக்குப் போன் போட்டு, விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்தான்.

காத்திருந்தான்.

காத்திருந்தார்கள்.

ராய்ஸின் வெள்ளைச் சிரிப்பு மெல்ல மெல்ல மங்கியது.

"சரிங்க... சரிங்க..." போனை வைத்தான். "டிலேயாம்."

"அப்படின்னா?"

"இன்னும் விசாரிக்கணுமாம். உன் பேர்லயே வேற எவளோ எங்கயோ ஏதோ பண்ணித் தொலைச்சிருக்கா போல. பயப்படாதே. மூணு வேலை நாள்தான். வியாழன், வெள்ளி, திங்கள்... செவ்வாய்க்கிழமை காலையில கடையைத் தொறந்ததும் உன் கையில கொடுத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை!

டார்லாவின் காதில் வேறு எதுவும் விழவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் எங்கே இருப்பாள்? சவப்பெட்டியில்! பக்கத்தில் காசரோல்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருக்கும்! பிஸ்கட் அத்தனையையும் தின்று வயிறு கெட்டுக் கிடப்பான்!

"அப்ப... எனக்கு வேணாம் ராய்ஸ். பணத்தைத் திருப்பிக் கொடுத்துடு."

"என்னது?!"

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒத்து வராது. நான் இன்னிக்கே அமரில்லோவுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். வரவே மாட்டேன்."

"அட என்னம்மா நீ! ஆறு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

"சொல்ல முடியாது. கொடுத்துடு."

ராய்ஸ் பதறிப் போனான். இரண்டு மணி நேரம் காட்டியாயிற்று. மூன்று துப்பாக்கி சுட்டாயிற்று. பாரமும் நிரப்பியாயிற்று. கைக்கு வந்த வியாபாரம் வாசலைப் பார்த்து நடக்கிறது!

"டார்லா! டார்லா, நில்லும்மா! இதுக்குப் போயி ஊரை விட்டு ஓடுவாங்களா? வெள்ளிக்கிழமைங்கறது எல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே... அடுத்த புதன்கிழமைன்னு வெச்சுக்கிட்டா போச்சு!"

லானியின் காபிக் கோப்பை உதட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது.

டார்லா மெல்லத் திரும்பினாள்.

"எந்த வெள்ளிக்கிழமை ராய்ஸ்?"

"எ... எந்த வெள்ளிக்கிழமை?"

"நான் வெள்ளிக்கிழமைன்னு வாயே தொறக்கலையே!"

"பொதுவா... வாரா வாரம் வருதே... அந்த வெள்ளிக்கிழமை..."

புழு டப்பாக்கள் பக்கமிருந்து ஒரு அலறல் வெடித்தது.

"வெள்ளிக்கிழமையா?!"

சார்லீன்! ஒரே தாவில் வந்து டார்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி! உனக்கும் போன் வந்துதா? வாத்துக் குரல்ல? 'வெள்ளிக்கிழமை நீ காலி'ன்னு?"

"உனக்குமாடி?!"

"போன மாசம்! யார்கிட்டயும் சொல்லாதேன்னான்! பயந்து போயி இவன்கிட்டதான் வந்து வாங்கினேன்! ராத்திரி குளிக்கப் போறப்பகூட கழட்டறதில்லடி! அந்த வெள்ளிக்கிழமை தாண்டியும் பயம் போகலை, இன்னிக்குக்கூட குண்டு வாங்கத்தான் வந்தேன்!"

பூட்ஸுக்குள் கையை விட்டு உருவினாள். ரோஸ் கலர்!

"சார்லீன், அதை உள்ள வை!" என்று எழுந்தான் லானி. முகத்தில் இருந்த காபிக் களை போய் போலீஸ் களை வந்திருந்தது. "யோவ் ராய்ஸ்! சட்டைப் பாக்கெட்ல என்னய்யா புடைச்சுக்கிட்டு இருக்கு?"

"ஒண்ணுமில்ல லானி... வேட்டைக்கு வாத்தை வரவழைக்க வாத்து மாதிரியே கத்தற விசில்..."

"ஊது."

"இப்ப சீசன் இல்லையே..."

"ஊதுய்யா! அதுக்குள்ளயே பேசு! 'டார்லா கே'ன்னு சொல்லு!"

ராய்ஸ் விசிலை உருவி வாயில் வைத்தான்.

"டார்லா கே..."

ஜலதோஷம் பிடித்த வாத்து! தகர டப்பா! அதே குரல்!

டார்லாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சாகப் போவதில்லை என்கிற சந்தோஷம். குப்பென்று கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நொடி வந்ததுதான் கோபம்!

"அடப் பாவி! நாய்க்கு உயில் எழுதி ஃபிரிட்ஜில ஒட்டிட்டு வந்திருக்கேன்யா! ஏன்யா இப்படிப் பண்ணினே?"

ராய்ஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்னை வேற என்னம்மா பண்ணச் சொல்றே? இந்த ஊர் ஆம்பளைங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் எட்டு எட்டு துப்பாக்கி இருக்கு! ஒன்பதாவது வாங்கினா பெண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டேங்கறா! பாக்கி இருக்கிறது பொம்பளைங்கதான். நல்லபடியா விளம்பரம் போட்டேன்... ஒருத்தி வரலை. ஒரே ஒரு போன் போட்டேன்... மத்தியானமே வந்துட்டா!"

"மொத்தம் எத்தனை போன்?" லானி நோட்டை எடுத்தான்.

"உன்னையும் சேர்த்து... அதாவது இந்தம்மாவையும் சேர்த்து... பன்னெண்டு."

"எந்தப் பன்னெண்டு பேரு?"

"சர்ச் பாட்டுக் குழு. அவங்க நம்பர்தான் நோட்டீஸ் போர்டுல வரிசையா இருந்தது."

சார்லீன் வாயைப் பிளந்தாள். "அப்ப... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாங்க பன்னெண்டு பேரும் அங்கிக்குள்ள..."

"பன்னெண்டு இல்லடி. பதினொண்ணு" என்றாள் டார்லா. "எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வரும்."

"பாஸ்டர் பிரசங்கத்தை இழுத்துக்கிட்டே போறாரே, அவருக்குத் தெரியுமா?" என்று முணுமுணுத்தபடி லானி கைவிலங்கை எடுத்தான். "எந்திரி ராய்ஸ். பன்னெண்டு கொலை மிரட்டல். ஷெரீஃபுக்கு நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதுவேன், சொல்லு? தினம் காலையில கொலைகாரன்கிட்டதான் ஓசிக் காபி குடிச்சேன்னா?"

"நான் கொலைகாரன் இல்ல லானி! யாரையும் ஒண்ணும் பண்ணலையே! பத்து பர்சென்ட் தள்ளுபடிகூடக் கொடுத்திருக்கேன்!"

"அதையும் எழுதிக்கறேன்" என்று விலங்கை மாட்டினான் லானி.

டார்லா சார்லீனைப் பார்த்தாள். சார்லீன் எப்போதோ போனை எடுத்துவிட்டிருந்தாள். இரண்டு கட்டை விரல்களும் பறந்துகொண்டிருந்தன.

"யாருக்குடி அனுப்பறே?"

"பாட்டுக் குழுவுக்கு!"

டிங்!

முதல் பதில் வந்தது. டிங்! இரண்டாவது. டிங், டிங், டிங்! சார்லீன் வாசித்தாள்.

"'அவன்தானா?'ன்னு கேக்கறா மேவிஸ். 'கடையிலதான் இருக்கானா?'ன்னு கேக்கறா ட்வைலா. 'அவனைப் போக விடாதே, வந்துட்டே இருக்கேன்'... இது பெர்னடீன். அவ புருஷன் டிராக்டரை எடுத்துட்டு வர்றாளாம்!"

ராய்ஸின் சிவந்த முகம் வெளுத்தது. தாடியும் முகமும் ஒரே கலரில் நின்றன.

ஐந்தே நிமிஷத்தில் வெளியே சரளைக் கல் நொறுங்கும் சத்தம். ஒரு பிக்கப் வண்டி. பின்னால் இன்னொன்று. மூன்றாவது. நான்காவது. கதவுகள் படார் படாரென்று சாத்தப்பட்டன. டார்லா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நல்ல வெயில். அந்த வெயிலில் எல்லாப் பெண்களும் ஒரு சைஸ் பெரிய சட்டை போட்டுக்கொண்டு, வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"லானி!" ராய்ஸ் கைவிலங்கோடு அவன் காலைக் கட்டிக்கொண்டான். "லானி, ராசா! சீக்கிரம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயா! பின்வாசல் வழியா!"

"என்னய்யா இப்படிப் பதறுறே? சும்மா மிரட்டத்தான் வர்றாங்க. அப்படியே சுட்டாலும் குறி தப்பிடும்."

ராய்ஸ் தேம்பித் தேம்பி அழுதான்.

"எப்படிய்யா தப்பும்... ஒவ்வொருத்தியையும் பக்கத்துல நிக்க வெச்சு, நான்தானேய்யா சொல்லிக் கொடுத்தேன்!"